வளையும் வாய்க்காலும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடர் ஒன்றிலே எலியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் உங்களிற் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். குயிலைப் பற்றிப் பேசலாம், மயிலைப் பற்றிப் பேசலாம், எலியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். ஆனால் எலி நமது இலக்கியத்துக்கு நேற்று வந்த விருந்தாளி அல்ல. நெல் எப்போது பாட்டுக்குள் வந்ததோ அப்போதே அதன் பின்னால் எலியும் வந்துவிட்டது.

புறநானூற்றின் 190ஆவது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பாடியவன் சோழன் நல்லுருத்திரன். விளைந்த வயலில் இடம் பார்த்து, வளைந்த கதிரைக் கொய்துகொண்டு போய்த் தன் வளை நிறைய அடுக்கிவைக்கும் எலியைப் போன்றவர்களின் நட்பு எனக்கு வேண்டாம் என்கிறான். இடப்பக்கம் வீழ்ந்த பன்றியைத் தின்ன மனமில்லாமல் பசியோடு கிடந்து, மறுநாள் யானையைத் தேடிப் போகிற புலியைப் போன்றவர்களின் நட்பே வேண்டும் என்கிறான். அரசன் ஒருவன் சொல்லக்கூடிய வார்த்தைதான். ஆனால் இதே பாட்டை ஒரு விவசாயி வாசித்தால் அவனுடைய கண் புலியிடம் போகாது. எலியிடத்திலேயே நின்றுவிடும். கதிர் வளைந்த பிறகுதான் எலி அதை வளைக்குக் கொண்டுபோகும். அதற்கு முன்னர் தண்டைத்தான் கடிக்கும். அந்தச் சோழன் வரம்பிலே குந்தியிருந்து பார்த்தானோ, பார்த்த குடியானவன் யாரும் அவனிடம் சொன்னானோ தெரியாது. பாட்டிலே உள்ள செய்தி வயலில் இருந்து வந்த செய்தி.

திருக்குறளில் வருகிற எலி வேறு மாதிரி. படைமாட்சி அதிகாரத்தில், 763ஆவது குறளில், எலிப்படை கடலைப் போலத் திரண்டு ஆரவாரித்தாலும் நாகம் ஒரு மூச்சு விட்டால் அவ்வளவும் அழிந்துவிடும் என்கிறார் வள்ளுவர். எலிக்கூட்டத்துக்குக் கடலை உவமை சொன்ன பார்வை பெரிது. ஆனால் நாகத்தின் பெருமூச்சு பற்றி எங்கள் பக்கத்து விவசாயிகளுக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பாம்பு ஓர் எலியைப் பிடித்து விழுங்கிவிட்டால் பிறகு சில நாட்களுக்குச் சுருண்டு படுத்துவிடும். அதற்குள் பெட்டை எலி ஒரு கூட்டுக் குட்டி போட்டுவிடும். அதற்காக யாரும் வயலில் சாரைப்பாம்பை அடிப்பதில்லை. அது எங்கள் கூலியில்லாத வேலைக்காரன்.

இன்னும் ஓர் இடம். நற்றிணை 83ஆவது பாட்டிலே தோழி ஆந்தையிடம் பேசுகிறாள். தலைவன் இரவிலே வருகிற நேரத்தில் நீ அலறி ஊரை எழுப்பிவிடாதே. இறைச்சிச் சோற்றோடு வெள்ளெலிச் சூட்டையும் வயிறு நிறையத் தருகிறோம் என்று ஆந்தைக்குக் கையூட்டுப் பேசுகிறாள். நேயர்களே, இதிலுள்ள காதலை விமர்சகர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது அந்தப் பெண்ணின் உலக அறிவு. ஆந்தைக்கு எது விருப்பம் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று விவசாயப் போதனாசிரியர்கள், வயலில் கம்பு நாட்டிவையுங்கள், ஆந்தை வந்து குந்தி எலி பிடிக்கும் என்று சொல்லுவதும் அதே அறிவுதான்.

சரி, நூல்களை மூடிவைத்துவிட்டு ஊருக்கு வருவோம்.

அட்டாளைச்சேனையை அறியாத நேயர்களுக்காக ஒரு சிறு சித்திரம். கிழக்கே கடல். கரையோடு ஒரு மணல் மேடு. அந்த மேட்டிலேதான் வீடுகளும் பள்ளிவாசல்களும் தென்னைகளும் கல்முனை - அக்கரைப்பற்று வீதியும் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. மேட்டைத் தாண்டி மேற்கே இறங்கினால் தாழ்ந்த நிலம்: கோணாவத்தை ஆறு, சம்புக்களப்பு, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்வட்டைகள். மேற்கே பெய்கிற மழையும் வயலில் வடிகிற நீரும் கடலுக்குப் போகவேண்டுமானால் இந்தத் தாழ்நிலத்திலே தேங்கி, வழி தேடி, முகத்துவாரம் திறந்தால்தான் போகும். எங்கள் ஊரின் கதை முழுவதும் தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே வடிகிறது என்பதிலேதான் இருக்கிறது. எலியின் கதையும் அப்படியே.

எலி என்று நாம் ஒரு சொல்லிலே சொல்லிவிடுகிறோம். ஆனால் தண்ணீரை வைத்துப் பார்த்தால் அவை வெவ்வேறு சாதிகள். முகட்டிலும் தென்னை வட்டிலும் வாழ்கிற வீட்டெலி ஏறத் தெரிந்தது; குரும்பையைக் குடைந்து இளநீர் குடிக்கும். உலர்வலயத்து மணற்பாங்கான நிலங்களிலே உள்ள வெள்ளெலி தண்ணீரைக் காணாமலே நெடுநாள் இருக்கும். தின்னும் விதையிலும் பூண்டிலும் இருக்கிற ஈரத்தையே பிடித்துவைத்து, சிறுநீரைக்கூடச் சுண்டக் காய்ச்சிக் கழிக்கிற உடம்பு அதற்கு. வடிகான் ஓரத்தில் பன்றிக்குட்டி போல உறுமிக்கொண்டு திரிவது பெருச்சாளி. தெலுங்கிலே அதைப் பன்றியெலி என்ற பொருளில் பந்திக்கொக்கு என்பார்கள். ஆங்கிலேயர் அந்தச் சொல்லைப் பண்டிகூட் என்று ஆக்கிக்கொண்டுபோய், கடைசியில் அவுஸ்திரேலியாவிலே எலியே அல்லாத ஒரு பிராணிக்கும் அதைச் சூட்டிவிட்டார்கள்.

இவற்றுள் எங்களை ஆட்டிவைப்பது வயல் எலி. பெருச்சாளியின் சிறிய உறவுக்காரன். தண்ணீரையும் தரையையும் இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் பார்க்கிற பிராணியை நான் கண்டதில்லை. வயலிலே நீர் கட்டி நிற்கும் காலத்தில் அதற்கு இருப்பிடம் வரம்பு. வரம்பின் பக்கத்திலே துளை போட்டு, உள்ளே மேல்நோக்கி ஏறி, நீர்மட்டத்துக்கு மேலே அறை கட்டும். உள்ளே நுழைந்ததும் வாயிலை மண்ணால் அடைத்துவிடும். நன்றாக நீந்தும், இரவிலே வரம்பிலிருந்து இறங்கி நீந்திப்போய், வயலின் நடுப்பகுதியிலே தண்டைச் சாய்வாக வெட்டும். ஓரத்துப் பயிரைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதனாலே வரம்பில் நடந்துபோகிறவனுக்கு வயல் முழுவதும் செழிப்பாகத்தான் தெரியும். உள்ளே இறங்கிப் பார்த்தால் நடுவிலே பாய் விரித்தாற்போல வெளி கிடக்கும். பிறகு கதிர் முற்ற, நாங்கள் அறுவடைக்காக நீரை வடிக்கிறோம். தரை காய்ந்த உடனே எலி வரம்பை விட்டு வயல் தரைக்கே குடிபெயர்ந்துவிடும். களஞ்சியத்துக்குள்ளேயே வீடு கட்டுகிற வசதி அப்போதுதான் அதற்குக் கிடைக்கிறது.

அந்த வளையை வெட்டிப் பார்த்தவர்களுக்கு நல்லுருத்திரன் பொய் சொல்லவில்லை என்பது தெரியும். கதிர்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும். 1973, 74ஆம் ஆண்டுகளின் அரிசித் தட்டுப்பாட்டிலே, அறுவடை முடிந்த வயலில் மண்வெட்டியோடு போய் வளை வெட்டி நெல் எடுத்துவந்தவர்களைப் பற்றி என் மூத்தம்மா சொல்லுவா. "எலி தின்ன மிச்சம் எண்டு சொல்லாத மனே, எலி சேத்து வெச்ச முதல் எண்டு சொல்லு" என்பா. தமிழ்நாட்டிலே இருளர் என்ற பழங்குடியினர் இதைத் தொழிலாகவே செய்கிறார்கள். மண்பானையிலே புகை மூட்டி வளைக்குள் ஊதி எலியைப் பிடிப்பார்கள். எலி பிடித்த கூலி ஒன்று, வளையிலே கிடைக்கிற நெல் இன்னொன்று. புலியை விரும்பிய அரசனுக்கு இவர்களின் அடுப்பு தெரிந்திருக்க நியாயமில்லை.

வரம்பிலே எலி போடுகிற துளையால் இன்னொரு விவகாரமும் உண்டு. ஊரிலே தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இன்றிரவு உனக்கு, நாளை எனக்கு என்று. நான் சிறுவனாக இருந்தபோது ஒரே வரம்பைப் பங்கிட்ட இரண்டு பேர், அதுவும் மச்சான் மச்சான் முறை, பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரு போகம் முழுவதும் இருந்தார்கள். மேல்வயற்காரர் இரவு முழுக்கக் கண்விழித்து நீர் கட்டுவார். விடியப் பார்த்தால் தரை தெரியும், கீழ்வயலிலே நீர் பளபளக்கும். மச்சான் களவாக வரம்பை வெட்டிவிட்டான் என்பது அவருடைய முறைப்பாடு. கீழ்வயற்காரர் பள்ளியிலே சத்தியம் செய்யவும் ஆயத்தம். கடைசியில் வட்டவிதானையார் வந்தார். வயதானவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கீழ்வயலுக்குள் இறங்கி, வரம்படியிலே கையை விட்டுத் துழாவினார். முழங்கை வரை உள்ளே போயிற்று. "காக்கா, தண்ணியக் களவெடுத்தவன் இஞ்சதான் பொண்டாட்டி புள்ளையோட இரிக்கான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர, அடுத்த போகம் வரைக்கும் பேசவில்லை.

இப்போது சற்றுப் பெரிய தண்ணீருக்கு வருகிறேன். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையிலே மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. இந்தத் திட்டத்தின் அரசியலைப் பற்றி, குடியேற்றத்தைப் பற்றி, வேறு மேடைகளிலே நிறையப் பேசியாயிற்று, பேசவும் வேண்டும். இங்கே நான் சொல்லவருவது ஒரு சிறு விடயம். மழையை நம்பிப் பெரும்போகம் மாத்திரம் செய்த வயல்களில், மாசி பங்குனியிலே அறுத்து முடிந்தால் பிறகு புரட்டாதி ஐப்பசி வரைக்கும் நிலம் வெடித்துக் கிடக்கும். அந்த ஏழெட்டு மாத வரட்சிதான் எலியின் எமன். தின்ன நெல்லில்லை, குடிக்க நீரில்லை. பெட்டை எலி குட்டி போடுவதை நிறுத்திவிடும். வயல் எலியின் இனப்பெருக்கம் நெல்லின் வளர்ச்சியோடு பின்னியது. பயிர் குடலைப் பருவத்துக்கு வரும்போதுதான் அதற்கும் பருவம் வரும். கருக்காலம் மூன்று கிழமைக்குச் சற்றுக் கூட. வாய்க்காலிலே சிறுபோகத் தண்ணீர் வந்ததும் நமக்கு இரண்டாவது போகம் கிடைத்தது, எலிக்கும் கிடைத்தது. நாம் வெட்டிய ஒவ்வொரு வாய்க்கால் கட்டும் அதற்கு ஒரு குடியிருப்புத் திட்டம். வடிகால்களிலே சம்புப் புல் மண்டினால் அது அடுத்த திட்டம்.

வெள்ளம் வந்து எலியை அழித்துவிடாதா என்று கேட்கலாம். 1957ஆம் ஆண்டுப் பெருவெள்ளம், 2011 ஜனவரி வெள்ளம், 2024 நவம்பர் வெள்ளம் என்று எங்கள் கரை கண்ட வெள்ளங்கள் பல. கடைசியாகச் சொன்னதிலே, நிந்தவூரில் ஓதிவிட்டு வீடு திரும்பிய மத்ரசாப் பிள்ளைகள் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியிலே உழவு இயந்திரத்தோடு அள்ளுண்டு போனதை இந்தப் பகுதி இன்னும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நீர் வருகிறபோது வளையிலே உள்ள குட்டிகள் சாகும், கிழங்கள் சாகும். மிச்சம் மேடு தேடும். எங்கள் மேடு எது? நாங்கள் இருக்கிற மணல் மேடுதான். வெள்ளம் வந்த கிழமையிலே வயல் எலி வீட்டுக் கோடிக்கு வரும். தென்னையிலே ஏறத் தெரியாததுகூட ஏறப் பார்க்கும்.

1957 என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. அதே ஆண்டிலே கேர்ட் ரிச்டர் என்ற அமெரிக்க விஞ்ஞானி எலிகளை நீர் நிறைந்த கண்ணாடிச் சாடிகளிலே நீந்தவிட்ட பரிசோதனையை வெளியிட்டார். ஆய்வுகூடத்திலே வளர்ந்த எலிகள் பல நாட்கணக்காக நீந்தின. காட்டில் பிடித்த முரட்டு எலிகள் சில நிமிடங்களிலேயே மூழ்கின. இடையிலே எடுத்து விட்டுப் பழக்கியபோது அவையும் நெடுநேரம் நீந்தின. நம்பிக்கையே பலம் என்று இதை வைத்துப் பலர் பிரசங்கம் செய்கிறார்கள். எனக்கு அந்தப் பிரசங்கத்திலே மனம் ஒட்டுவதில்லை. கரையே இல்லாத சாடிக்குள் போட்டதை வைத்து, வரம்பைத் தேடி நீந்துகிற பிராணியின் மனத்தை எப்படி அளப்பது?

இனி, கிணறு. எங்கள் மத்ரசாக்களிலே சிறுபிள்ளைகள் முதலில் படிக்கிற சட்டப் பாடங்களில் தண்ணீர்ப் பாடம் ஒன்று. இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபிலே குல்லத்தைன் என்றொரு அளவு உண்டு. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றேகால் முழம் கொண்ட தொட்டியளவு நீர். அந்த அளவுக்குக் குறையாத நீரிலே அசுத்தம் விழுந்தாலும், நிறமோ மணமோ சுவையோ மாறாதவரை நீர் சுத்தமானதே. நெய்யிலே எலி விழுந்தால் என்ன செய்வது என்று நபிகளாரிடம் கேட்கப்பட்ட செய்தியும் ஹதீஸ் நூல்களிலே உண்டு. எலியையும் அதைச் சுற்றியுள்ள நெய்யையும் எடுத்தெறிந்துவிட்டு மிச்சத்தை உண்ணலாம் என்பது விடை. பாத்திரங்களை மூடிவையுங்கள், படுக்குமுன் விளக்கை அணையுங்கள், இல்லாவிட்டால் அந்தச் சின்னக் குறும்பன் திரியை இழுத்து வீட்டைக் கொளுத்திவிடும் என்ற அறிவுரையும் உண்டு. பாலைநிலத்து மக்கள் எலியோடும் நீரோடும் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தார்கள் என்பதற்கு இவை சாட்சி. ஆனால் வுழூச் செய்வதற்குரிய சுத்தம் ஒரு கேள்வி, வைத்தியர் கேட்கிற சுத்தம் இன்னொரு கேள்வி. எலிக்காய்ச்சலின் கிருமி நீரின் நிறத்தை மாற்றாது. மணத்தையும் சுவையையும் மாற்றாது.

அந்தக் காய்ச்சலைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் சுற்றி வந்தேன். 1886இல் ஜேர்மனியில் அடொல்ஃப் வைல் இந்நோயின் கடுமையான வடிவத்தை விவரித்தார். அதன் கிருமியை 1915இல் ஜப்பானில் இனடா, இடோ என்பவர்கள் கண்டுபிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளுக்குள் அது எலியின் சிறுநீரகத்திலே குடியிருக்கிறது என்பதையும் ஜப்பானியர் காட்டினார்கள். எலிக்கு அதனால் நோயில்லை. ஆயுள் முழுவதும் சிறுநீரோடு கழித்துக்கொண்டிருக்கும். நன்னீரிலும் ஈரச் சேற்றிலும் கிருமி கிழமைக்கணக்கில் உயிரோடிருக்கும். வெயிலும் வரட்சியும் அதற்கு ஆகாது; உப்பும் பிடிக்காது. ஆகவே கடலிலே நிற்கிற மீனவனைவிட வாய்க்காலிலே நிற்கிற விவசாயிக்குத்தான் பயம். காலிலே ஒரு கீறல் போதும். சேற்றிலே ஊறி மெதுத்த தோலும் போதும். சிங்களத்திலே இதை மீ உண என்பார்கள். மீ என்றாலும் எலிதான். மாடு, எருமை, நாய் ஆகியவையும் இந்தக் கிருமியைச் சுமக்கின்றன. பழி மட்டும் எலிக்கு.

நெடுங்காலம் இதை ஈரவலயத்து நோய் என்றே எண்ணியிருந்தோம். 2008ஆம் ஆண்டு இலங்கையிலே 7,000க்கு மேற்பட்டோர் இந்நோய் என்ற சந்தேகத்தில் பதிவானார்கள். ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். 2011 வெள்ளத்துக்குப் பிறகு வரண்ட அநுராதபுரத்திலே பரவியபோதுதான், தண்ணீர் போகிற இடமெல்லாம் இதுவும் போகும் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

எங்கள் அயலிலே ஒருவர். கூலிக்கு வரம்பு கட்டுவார், வாய்க்கால் துப்புரவு செய்வார், நெல் ஏற்றுவார். சில வருடங்களுக்கு முன்னர் சம்பு மண்டிய வடிகாலை நான்கு நாள் துப்புரவு செய்துவிட்டு வந்தார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல். கெண்டைக்கால் தொடமுடியாத வலி. வேலைக் களைப்பு என்று சொல்லிக் கடையிலே பனடோல் வாங்கி ஐந்து நாள் போட்டார். கண் சிவந்தது, பிறகு மஞ்சளானது. ஆறாம் நாள் சிறுநீர் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்திருந்தன. அங்கே இரவு பகலாகப் பாடுபட்டார்கள். மூன்றாம் நாள் மையித்து வீட்டுக்கு வந்தது. இத்தாவிலே இருந்த அவருடைய மனைவியைப் பார்க்கப் போன என் உம்மாவிடம் அந்தப் பெண் சொன்னாளாம்: "பாம்பு கடிக்கும் எண்டு தெரியும் ராத்தா, பூரான் கடிக்கும் எண்டு தெரியும். தண்ணி கடிக்கும் எண்டு ஆர் கண்டது?"

நேயர்களே, இது ஆரம்பத்திலே கண்டால் மாத்திரைக்கும் ஊசிக்கும் கட்டுப்படுகிற நோய். வயலில் இறங்கியவனுக்குக் காய்ச்சல் வந்தால் வைத்தியரிடம் போய், நான் வயலிலே, வாய்க்காலிலே நின்றேன் என்று முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் டெங்கு என்றும் வைரஸ் என்றும் இரண்டு நாள் போய்விடும். அந்த இரண்டு நாள்தான் உயிர். சேற்றிலே இறங்குகிறவர்களுக்கு டொக்சிசைக்கிளின் என்ற தடுப்பு மாத்திரையைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலே இலவசமாகக் கொடுக்கிறார்கள். கேட்டுவாங்கத்தான் ஆள் குறைவு.

எலியைக் குறைக்கிற வழியும் தண்ணீரில்தான் இருக்கிறது. நஞ்சு வைத்தால் ஆந்தையும் சேர்ந்து சாகும். மின்கம்பி இழுத்தால் மனிதனே சாகிறான், செத்துமிருக்கிறார்கள். ஒரு வட்டையிலே எல்லோரும் ஏறக்குறைய ஒரே கிழமையிலே விதைத்து ஒரே காலத்திலே அறுத்தால் எலிக்கு நெல் கிடைக்கிற நாள் சுருங்கும். வரம்பு ஓரடிக்கு உட்பட்ட அகலமாக இருந்தால் அதற்குள் அறை கட்ட இடம் போதாது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சொல்லுகிற இதே ஆலோசனையை எங்கள் வட்டவிதானையார் எந்தப் புத்தகமும் படிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் போக ஆரம்பக் கூட்டத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் திறக்கிற திகதிக்கு ஒரு சண்டை, விதைப்பை முடிக்கிற திகதிக்கு ஒரு சண்டை. உழவு இயந்திரம் கிடைக்கவில்லை, விதைநெல் வரவில்லை, கடன் கிடைக்கவில்லை என்று ஒவ்வொருவருக்கும் உண்மையான காரணம் இருக்கும். மூன்று கிழமை பிந்தி விதைத்தவனுடைய வயல், சுற்றியுள்ளதெல்லாம் அறுத்த பிறகும் பச்சையாக நிற்கும். அந்த வட்டையிலே மிஞ்சிய எலி முழுவதும் அங்கே கூடும். பிந்தி விதைக்கிறவன் பெரும்பாலும் குத்தகைக்குச் செய்கிற ஏழையாகத்தான் இருப்பான்.

அந்த அயலவருடைய மூத்த மகன் இப்போது அதே வட்டையிலேதான் வேலை செய்கிறான். கிழமைக்கு ஒருமுறை மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் வாய்க்காலுக்குள் இறங்குகிறான். தாய் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். இறப்பர் சப்பாத்து வாங்கிக் கொடுத்தால் போடமாட்டேன் என்கிறான். சேற்றிலே கால் வெளியே வரும், சப்பாத்து உள்ளே நின்றுவிடும் என்பது அவனுடைய நியாயம்.